குவித்த அளவு

மதார் சாகிப் எங்கள் வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. பதினோரு வருஷமாக அந்த மனிதர் இராஜபாளையம் வந்தால்கூட எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெடிமருந்துக் கடை வைத்திருப்பவர் அவர். என் வீட்டுக்காரர் ஜேசுதாசன் துப்பாக்கி பழுது பார்ப்பவர். மருந்து விற்பவரும் துப்பாக்கி செப்பனிடுபவரும் ஒருவரையொருவர் அண்டித்தான் பிழைக்க வேண்டும். இவர்களோ மற்றவர் பெயரைச் சொல்ல நேர்ந்தால் வாய் கொப்பளிக்கிற ரகம்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு வெடிக்கு எவ்வளவு மருந்து போடுவது என்பதற்குத்தான். சாகிப் தட்டான் தராசில் ஒரு பக்கம் அரை ரூபாய்க் காசை வைப்பார், மறுபக்கம் மருந்தை நிறுப்பார், ஒரு வெடிக்கு ஒரு பொட்டலம் என்று மடித்துக் கொடுப்பார். என் வீட்டுக்காரர் மாட்டுக் கொம்பின் நுனியை அறுத்துக் குடைந்து விரல் நீளத்துக்கு ஒரு குப்பி செய்வார். அதில் ஓர் அளவு மருந்தெடுத்துக் குழலுக்குள் கொட்ட வேண்டியதுதான். கொம்புக்குக் கொம்பு மாறும், எடை மாறாது என்பது சாகிப்பின் கட்சி. மழைக்காலத்தில் மருந்து ஈரம் குடித்துக் கனத்துவிடும், அப்போது எடை போட்டு வாங்குகிறவன் தண்ணீரையும் சேர்த்துத்தான் வாங்குகிறான் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் சண்டை தீரவே இல்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சம்சாரிகள், அதாவது வெள்ளாமைக்காரர்கள், எதையும் தலைதட்டி அளக்கமாட்டார்கள். களத்தில் நெல்லோ சோளமோ, மரக்காலுக்கு மேலே கோபுரம் மாதிரிக் குவிந்து நிற்க வேண்டும். தலைதட்டினால் வீட்டு விருத்தி போய்விடும் என்று பயம். பொட்டலத்தைப் பார்த்தால் அவர்களுக்கு மனசு நிறையாது. நெல் அளந்த கை மருந்து அளக்கும்போது மட்டும் மாறுமா? கொம்பிலும் குவித்துத்தான் எடுப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். குவித்தால்தான் அரை ரூபாய் எடை வரும்படி கொம்பைக் குறைத்தே அறுப்பார். கெட்டிக்கார வேலைதான். இல்லையென்று நான் சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் மேல் அவருக்கு இருந்த மமதைதான் எனக்குப் பிடிக்காது.

சீமையில் மகாராணி காலமான செய்தி வந்து இரண்டு வாரம் இருக்கும். தை மாதக் கடைசி. வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே சாகிப் வந்துவிட்டார். கையில் ஒரு துணி மூட்டை. திண்டாட்டத்தோடு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை.

"ஒம் மச்சினன் தவசிமுத்து எங்கவே?" என்றார் சாகிப்.

"எதுக்கு?"

"நேத்துச் சாயங்காலம் எங் கடையில மருந்து வாங்குனான். பொட்டலம் வேண்டாம், மொத்தமாக் குடுன்னான். இடுப்புல ஒங் கொம்புதான் தொங்குச்சு. அது புது மருந்துவே. சீமையிலருந்து டின்னுல வந்தது. அதை அந்தக் கொம்புல அளந்து போட்டா அவன் கை இருக்காது."

தவசிமுத்து என் தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷம் வாந்திபேதியில் போன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன். உடன்பிறப்பென்று எனக்கு மிச்சம் அவன் ஒருத்தன். அன்று விடியற்காலையில்தான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சோழபுரத்துக்குப் போயிருந்தான். அங்கே சோலைச்சாமி என்பவருடைய சோளக்காட்டைப் பன்றிகள் துவம்சம் செய்துகொண்டிருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தப்புமேளம் அடித்துப் பன்றியை விரட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"என் அளவைக் குறை சொல்லதுக்கு ஏழு மைலு வண்டி கெட்டிக்கிட்டு வந்தீராக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

சாகிப் வாசல்படியிலேயே மூட்டையை அவிழ்த்தார். தராசு, காசுகள், இரண்டு சின்னத் தகர டப்பாக்கள். ஒன்றில் பழைய மருந்து. உளுந்துக் குருணை மாதிரி சொரசொரப்பாக, மங்கலாக இருந்தது. இன்னொன்றில் புதுசு. கேழ்வரகு மாதிரிப் பொடிமணியாக மினுமினுத்தது. எங்கள் வீட்டுக் கொம்பையே வாங்கிப் பழைய மருந்தைக் குவித்து அளந்து தட்டில் கொட்டினார். அரை ரூபாய்க் காசுக்குச் சரியாக நின்றது.

"இந்தா, இம்புட்டு வரைக்கும் ஒன் அளவு சரி. மறுத்துப் பேசல," என்றார். பிறகு புது மருந்தை அள்ளினார். "இப்பப் பாரு. இது வழுக்குது. குவிச்சா நிக்க மாட்டேங்குது. நிக்கலன்னா நம்ம ஆளு என்ன செய்வான்? கொம்பைத் தட்டுவான், குலுக்குவான், குறையுதேன்னு மேல இன்னும் போடுவான்." அப்படியே தட்டினார், குலுக்கினார், மேலே போட்டார். தட்டில் கொட்டியதும் அது தொப்பென்று கீழே இறங்கியது. அரை ரூபாயை எடுத்துவிட்டு முழு ரூபாயை வைத்தார். முள் ஏறக்குறைய நடுவில் வந்து நின்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வெடிக்குப் போக வேண்டிய இடத்தில் இரண்டு வெடி. அதுவும் பழைய மருந்தைவிட வேகமாகப் பற்றுகிற மருந்து.

என் வீட்டுக்காரருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அதற்குள் தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்களே! "தராசு ஒம்முது, காசு ஒம்முது, மருந்தும் ஒம்முது. தப்பு மட்டும் என்னுதாக்கும்?" என்றார் உரக்க. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கேட்டதும் அவருக்குத் தெம்பு ஏறிவிட்டது. "வாரும்வே பொறவாசலுக்கு. சுட்டே பாத்துருவோம்."

யார்யாரோ விட்டுப்போன பழைய துப்பாக்கிகள் எங்கள் பட்டறையில் கிடக்கும். அதில் ஒன்றை, தவசியுடையதைப் போன்றதையே எடுத்துவந்து, புறவாசலில் இருந்த புளியமரத் தூரோடு சேர்த்துக் கட்டினார். சாகிப்பின் புது மருந்தைக் கொம்பில் குலுக்கிக் குவித்து அளந்து கொட்டினார். தேங்காய் நார், ஈய ரவை, மறுபடி நார் என்று போட்டுக் கம்பியால் இடித்தார். கேப்பு என்கிற சின்னச் செப்புத் தொப்பியைச் சொருகி, விசையில் கயிற்றைக் கட்டி, எல்லோரையும் மாட்டுக்கொட்டத்துச் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னார். நான் ஜெபிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் குழல் சுக்குநூறாக வெடிக்க வேண்டும் என்று நினைத்தேன். வெடித்தால் இவர் வாய் அடையும், யாராவது சோழபுரத்துக்கு ஓடுவார்கள்.

கயிற்றை இழுத்தார். காது அடைத்துப்போனது. அடுத்த வீட்டு ராஜுவின் வேட்டை நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. புகை கலைந்ததும் பார்த்தால், துப்பாக்கி அப்படியே இருந்தது.

"பாகுந்தி, பாகுந்தி!" என்று அந்த வீட்டுப் பெரிய ராஜு தெலுங்கில் மெச்சிக் கையைத் தட்டினார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"ஒருக்காத் தாங்குனது மறுக்காவும் தாங்கும்னு எவன்லே சொன்னான்?" என்று சாகிப் கத்தினார். யார் கேட்கிறார்கள்? "கடையில பொட்டலம் போணியாகலன்னு புளுகிக்கிட்டு வந்துருக்காரு," என்றான் ஒருவன். என் வீட்டுக்காரர் வாசலைக் காட்டினார். சாகிப் தராசை மூட்டையில் போட்டு வெடுக்கென்று முடிச்சை இறுக்கினார்.

கூட்டம் முன்வாசலுக்குப் போனதும் நான் துப்பாக்கியை அவிழ்க்கப் போனேன். சுட்ட துப்பாக்கியைத் துடைத்து வைப்பது இந்த வீட்டில் என் வேலை. குழல் இன்னும் சுட்டது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு துடைத்தேன். கேப்புக்குச் சற்று மேலே, மருந்து கிடக்கிற இடத்தில், இரும்பு புடைத்திருந்தது. பெருவிரலை வைத்தால் தெரிந்தது, கொசு கடித்த தடிப்பு அளவுக்கு. அந்த இடத்தில் மயிர் போல ஒரு கீறலும் ஓடியது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலை வைத்துத் தடவினார். முகம் வெளுத்துப்போனது. பட்டறை வேலை செய்கிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா?

"பழசுட்டி இது," என்றார்.

"நேத்து நாந்தான எண்ணெ போட்டுத் தொடச்சேன்? நேத்து இது இல்ல."

"மெள்ளப் பேசு. ஆளுக நிக்காக."

"தவசிக்கு ஆள் அனுப்புங்க. இல்லன்னா நீங்க போங்க."

"இப்பப் போனா ஊரு என்னட்டி சொல்லும்? சாய்பு வந்து வெரட்டவும் ஓடுனான்னு சொல்ல மாட்டானுகளா? அவந் துப்பாக்கி கெட்டிக் குழலு. ஒண்ணும் ஆவாது."

அந்த நேரத்தில் அந்த இடிகம்பியை எடுத்து அவர் மண்டையிலேயே போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர்! என் தம்பியின் கையா தன்னுடைய பேரா என்று வந்தபோது, யோசிக்கக்கூட இல்லை. துப்பாக்கியை அவர் காலடியில் போட்டுவிட்டு முன்வாசலுக்கு நடந்தேன். சாகிப் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு தாயி. ஊரு பேசும்," என்றார் பதறிப்போய்.

"பேசட்டும். சோழபுரத்துக்கு விடுங்க."

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். கூப்பிடவில்லை.

ஊரைத் தாண்டுகிற வரைக்கும் சாகிப் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார். கொம்பு அறுக்கிறவன், மண்டைக்கனம் பிடித்தவன், இன்னும் என்னென்னவோ. அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் நான் மனசுக்குள் திட்டியதுதான். ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

"நேத்து அவன் வாங்கும்போதே இது புது மருந்துன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? அப்பவே ஏன் அவங்கிட்டச் சொல்லல?"

சாகிப் மாட்டை அதட்டினார். நான் விடவில்லை. கடைசியில் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அந்தக் கொம்பைப் பாத்ததும் எரிச்சலு வந்துட்டுது. படட்டும்னு விட்டுட்டேன். பொறவு ராத்திரி நிறுத்துப் பாத்தேன். பொட்டுத் தூக்கம் இல்ல."

"படட்டும்னு விட்டீகளாக்கும்," என்றேன். "நல்லா இருக்கு. அவிய பேருக்குப் பயந்து விட்டாக. நீங்க எரிச்சலுக்கு விட்டீக. செத்தா எந் தம்பி சாவான், ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன?" அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே என்றுதான் அவர் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

சோளக்காட்டை எட்டும்போதே தப்புச் சத்தம் கேட்டது. விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வரப்பில் துப்பாக்கிக்காரர்கள் மூன்று பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள். நடுவில் நின்றவன் தவசி. துப்பாக்கி தோளில் இருந்தது. வண்டி நிற்பதற்குள் குதித்தேன். சோளத்தட்டை காலைக் கிழித்தது. "ஏலே தவசி, சுடாதலே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"அக்கா, தள்ளிப் போ! பன்னி வருது!"

"மருந்து கூடிப்போச்சுலே. கொழலு வெடிச்சிரும். வீட்டுல சுட்டுப் பாத்தோம், இரும்பு பொடச்சுக்கிட்டு நிக்கி."

அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்த சாகிப்பைப் பார்த்தான். முகம் கோணிப்போனது. "இவரு சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தாராக்கும்? ஒனக்கு என்னக்கா தெரியும் இதுல? அத்தான் சொன்னாகளா? அதைச் சொல்லு."

சோளத்தட்டைகள் அசைந்தன. உறுமல் கேட்டது. தவசி கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்துவிட்டான். விரல் விசைக்குப் போனது.

நான் அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு பொய்யும் சொன்னதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தவள், பொய் சொன்னால் நாக்கு குழறும் எனக்கு. அன்று குழறவில்லை. "அத்தான்தாம்லே சொல்லிவிட்டாக!" என்று அந்தக் காடே கேட்கும்படி கத்தினேன். "அவிய அளவு தப்பாம். அவியளே தப்பா அறுத்துட்டாகளாம். ஒருத்தனும் சுடக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனாக!"

தவசி விரலை எடுத்தான். துப்பாக்கியைத் தாழ்த்தி, கேப்பைக் கழற்றிக் கீழே போட்டான். மற்ற இரண்டு பேரும் கழற்றினார்கள். அவர்கள் இடுப்பிலும் எங்கள் வீட்டுக் கொம்புதான் தொங்கியது. தாய்ப் பன்றியும் குட்டிகளுமாக ஏழெட்டு வெளியே வந்து, எங்களைக் கண்டு மிரண்டு, மறுபடியும் சோளத்துக்குள்ளேயே உழுதுகொண்டு போயின. சோலைச்சாமி ஓடிவந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். "எங்க இருந்துட்டி வந்த, எங் காட்டுக்கு எமனா?" என்று என்னை நடுக்காட்டில் நிறுத்தி வைத்துத் திட்டினார். அவருடைய வருஷ வெள்ளாமை அது. திட்டத்தான் செய்வார்.

சாகிப்புக்குத் தெரியும், நான் சொன்னது பொய் என்று. எங்கள் வாசலில் நடந்ததை அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் வரப்பில் ஏறி நின்று, "கேட்டுக்கிடுங்கய்யா! அவனே ஒத்துக்கிட்டான்! பதினோரு வருசமா நான் சொன்னது மெய்யின்னு அவம் பொஞ்சாதி வாயாலேயே வந்துட்டுது!" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வண்டியில் ஏறச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டது. அவர் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். புடைத்த குழலை மூன்று துண்டாக வெட்டி உலையில் போட்டிருந்தார். அந்தக் கீறலை இனி யாரும் பார்க்க முடியாது.

"நான் எப்பட்டி சொல்லிவிட்டேன்?"

"நீங்க சொல்லல. சொல்லியிருக்கணும்."

"எம் பேரைச் சந்தியில போட்டு ஒடச்சிட்டு வந்துருக்க."

"ஆமா. எந் தம்பிக்குக் கை இருக்கு."

கையை ஓங்கினார். நான் நகரவில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் வெளுத்ததும் முதல் காரியமாக, தன் பெண்டாட்டி பொய் சொன்னாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படிச் சொன்னால் நான் பொய்க்காரி என்பது மட்டுமில்லை, எல்லோரும் பழையபடி குவித்துக் குலுக்கித்தான் போடுவார்கள்.

மறுநாள் காலையில் தளவாய்புரத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். கையில் எங்கள் கொம்பு இரண்டு. அவருக்குப் பின்னால் தெருக்காரர்கள், முந்தின நாள் கைதட்டிச் சிரித்த அதே ஆட்கள்.

"அண்ணாச்சி, ஒங்க அளவு தப்புன்னு நீங்களே சொல்லிவிட்டீகளாமே, மெய்யா? எம் பயக ரெண்டு பேரும் இன்னைக்கு மலையடிவாரம் போறானுக. புது மருந்து வாங்கி வச்சிருக்கானுக. நேத்து நீங்க இதே மருந்தைப் போட்டுச் சுட்டு ஒண்ணும் ஆவலன்னும் சொல்லுதாக. எதுதான் மெய்யி?"

நான் கதவோரம் நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. கொம்பு இரண்டையும் வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். அவர் கையால் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கியவை. தெருவே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மெய்தான்," என்றார். "நாந்தான் சொல்லிவிட்டேன். நேத்துச் சுட்டதுல கொழலு பொடச்சுப்போச்சு. கீறியும் போச்சு. ஆள் நிக்கவும் மறைச்சுட்டேன். இந்தக் கொம்பு புது மருந்துக்கு ஆவாது." கொம்பு இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டார். "மதார் சாகிப் கடையில பொட்டலம் வாங்கிப் போடச் சொல்லும். ஒரு வெடிக்கு ஒண்ணு. மேல ஒரு மணிகூடப் போட வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கொம்புகளைத் திருப்பிக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். பழுது பார்க்க வருகிறவர்களும் பாதியாகக் குறைந்துபோனார்கள். சாகிப் இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லித்தான் பொட்டலம் மடிக்கிறாராம். என் தம்பி ஒரு படி மேலே. நான் மட்டும் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் அன்றைக்கு மூன்று பன்றி அடித்திருப்பானாம். இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித்தான் சொல்கிறான்.

என் வீட்டுக்காரர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. வண்டியில் நான் ஏறியபோது வாசலில் கல்லாக நின்றாரே, அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் தெருவுக்கு நடுவில், எனக்காக ஒரு பொய்யும் ஊருக்காக ஒரு மெய்யும் சொல்லி, எதிராளி கடைக்கு ஆள் அனுப்பினாரே, அந்த ஒரு நிமிஷம் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது. போகவில்லை. இன்றுவரை அதை நான் அவரிடம் சொல்லவும் இல்லை.